லாகவுட் அண்ணாச்சி

மனிதர்களை எழுந்து வெளியே போகச் சொல்வதற்காகவே மாதச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் உலகத்தில் எங்கள் லாகவுட் அண்ணாச்சிதான். சினிமா தியேட்டரில் டார்ச் அடிக்கிறவர்கூட நம்மை உட்காரத்தான் சொல்வார். அண்ணாச்சி ஆபீசுக்குள் கால் வைத்ததும் வணக்கம் கிடையாது, சாப்டாச்சா கிடையாது. "எல்லாரும் லாகவுட் பண்ணிட்டு கொஞ்சம் அந்தால போங்க" என்பதுதான் அவருடைய காலை வணக்கம்.

அவருக்கென்று அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர் என்பதால் அண்ணாச்சி. லாகவுட் எப்படி ஒட்டிக்கொண்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஆபீஸ் திருப்பூரில் ஜிப்பும் பட்டனும் விற்கிற கடைக்கு மேல் மாடியில். பனியன் கம்பெனிகளுக்கு சாப்ட்வேர் எழுதிக் கொடுப்பது தொழில். கட்டிங் முடிந்த துணியைக் கட்டுக் கட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். டெய்லர் ஒரு கட்டைத் தைத்து முடித்ததும் அந்த ஸ்டிக்கரை ஸ்கேன் செய்ய வேண்டும். எந்த ஆர்டர் எதுவரை வந்திருக்கிறது என்று முதலாளி உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்வார். இந்த புரோகிராம் முழுக்க அண்ணாச்சி எழுதியது. அது ஓடாவிட்டால் கம்பெனிக்காரர்கள் போனில் திட்டுவதை எல்லாம் கேட்டுக்கொள்வது என் வேலை. வெள்ளகோவிலிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து திட்டு வாங்கிக்கொண்டு போவேன்.

புரோகிராம் மெதுவாக ஓடுகிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அண்ணாச்சிக்குச் சாமி வந்துவிடும். அதில் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று அளந்தே ஆக வேண்டும். அளக்கும்போது, எங்கள் எல்லோருடைய வேலையும் போய்ச் சேர்கிற பொதுக் கம்ப்யூட்டரில் வேறு எந்த வேலையும் ஓடக்கூடாது. அதற்காகத்தான் எங்களை எழுப்பி விரட்டுவது.

"நாங்க எதுக்குங்க அண்ணாச்சி போகோணும்? நீங்க பாட்டுக்கு அளங்க, நாங்க பாட்டுக்கு வேலையப் பாக்கறோம்" என்று ஒருநாள் கேட்டேன்.

"யம்மா, கீழ பேக்கரியில ஒரு டீ சொல்லுதிய. மாஸ்டர் ஒரே ஆளு. உங்க டீய ஆத்திக்கிட்டு இருக்கும்போதே ஒருத்தன் காபி கேக்கான், ஒருத்தன் பாலு கேக்கான். அவரு அங்கிட்டும் இங்கிட்டும் தாவித் தாவிப் போடுதாரு. கடைசியில டீ லேட்டுன்னு நீங்க சடைக்கிய. டீ லேட்டா, கூட்டத்தால லேட்டா?"

"கூட்டத்தாலதாங்க."

"அப்பம் கூட்டத்த வெளிய அனுப்பிட்டு அளந்தாத்தான டீக்கு ஆவுற நேரம் தெரியும்? கம்ப்யூட்டரும் டீ மாஸ்டர்தான். நீங்கள்லாம் கூட்டம். போங்க."

போவோம். வேறு வழி? மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். கணக்குப் பார்க்கிற சரசக்கா படியிலேயே கீரை ஆய்ந்து முடித்துவிடுவார். ஜிப் கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்து, "ஏனுங்க, ஆபீசுக்கு சீல் வெச்சுட்டாங்களா?" என்று அக்கறையாக விசாரிப்பார்.

ஆட்களை விரட்டிவிட்டால் அண்ணாச்சிக்கு நிம்மதி வந்துவிடும் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு அவரைத் தெரியாது. அடுத்து வைரஸ் பிடிக்கிற புரோகிராமை நிறுத்துவார். ஸ்கிரீனில் மூலையில் ஓடுகிற கடிகாரத்தை எடுத்துவிடுவார். அதுவும் ஒரு வேலைதானாம். சரசக்கா தன் கம்ப்யூட்டரில் வைத்திருந்த முருகன் படத்தில் வேல் மின்னி மின்னி அணையும். அதையும் நிறுத்தச் சொன்னார். சரசக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கடைசியில் ஒருநாள் ஃபேனையும் நிறுத்தினார்.

"ஃபேன் சத்தம் கம்ப்யூட்டருக்குக் கேக்குமுங்களா?"

"எனக்குக் கேக்குதும்மா."

சித்திரை மாத வெயிலில் வியர்வை சொட்டச் சொட்ட அளந்தார்.

இன்னொரு கூத்து உண்டு. அளப்பதற்காக புரோகிராமுக்குள் அங்கங்கே சின்னச் சின்ன வரிகளைச் செருகுவார். நீ எப்போது ஆரம்பித்தாய், எப்போது முடித்தாய் என்று புரோகிராமின் ஒவ்வொரு பகுதியையும் அவை கேட்டுக்கொண்டே இருக்கும். கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே புரோகிராம் களைத்துப்போய், முன்னைவிட மெதுவாக நகரும். எங்கள் பாஸ் பல்லடம் பக்கத்துத் தோட்டக்காரர். கோபம் வந்தாலும் மரியாதை குறையாது. தலையில் கை வைத்துக்கொண்டு, "ஏனுங்க அண்ணாச்சி, அளக்கறதுக்கே இத்தன நேரமானா அது எப்பத்தானுங்க ஓடறது?" என்பார்.

"சாக்கோட எடை போட்டா சாக்கு எடையக் கழிக்க மாட்டியளா? அது மாதிரி அளக்குற நேரத்தையும் அளந்து கழிச்சிருவேன்" என்பார் இவர். பிறகு அளக்கிற நேரத்தை அளக்க இன்னும் கொஞ்சம் வரிகளைச் செருகுவார். பாஸ் எழுந்து பேக்கரிக்குப் போய்விடுவார்.

ஆபீசில் பிடித்த இந்தப் பேய் வெளியிலும் அவரை விடவில்லை. சரசக்கா மகள் கல்யாணம் குண்டடத்தில் நடந்தது. எல்லோரும் வேனில் போனோம். தாலி கட்டி முடித்ததும் அண்ணாச்சி என் காதருகே குனிந்து, "கல்யாணம்னு பாத்தா இந்த முடிச்சுப் போட்டது மட்டுந்தாம்மா. மிச்சம் பூராவும் வெயிட்டிங்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா திரும்பி முறைத்தார். "கம்ப்யூட்டர் விசயமுங்க" என்று சொல்லிச் சமாளித்தேன். சாப்பாட்டிலும் அவர் எங்களோடு உட்காரவில்லை. எல்லோரும் எழுந்து போன பிறகு காலியான பந்தியில், கடைசி இலையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். பரிமாறுகிறவர்கள் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்திருந்தார்கள். பார்க்க எனக்கு என்னமோ போல் இருந்தது.

ஆபீசிலும் அப்படித்தான். நாங்கள் டப்பாக்களை நடுவில் வைத்து ஒருவர் குழம்பை ஒருவர் பிடுங்கிக்கொண்டிருப்போம். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி ஹோட்டல் பொட்டலத்தைப் பிரிப்பார். ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறை எடுத்து இருந்தார். போன் வரவே வராது. வந்தால் லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணாக இருக்கும். அந்தப் பெண்ணிடம்கூட நின்று நிதானமாகப் பேசுவார்.

"ஊர்ல யாருங்க இருக்காங்க, அண்ணாச்சி?" என்று சரசக்கா ஒருமுறை கேட்டார்.

"ஊரு இருக்கு" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு கண்டம் வந்தது. எங்களுடைய பெரிய கஸ்டமர் ஒரு பனியன் கம்பெனி. அதன் முதலாளி காங்கயம் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர் கம்பெனியில் மட்டும் காலையில் எல்லாத் தையல் லைனிலும் வேலை சூடுபிடிக்கிற நேரத்தில் ஸ்கேன் செய்கிற ஸ்கிரீன்கள் எல்லாம் அப்படியே உறைந்து நின்றுவிடும். டெய்லர்கள் தைத்த கட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் சும்மா நிற்க முடியுமா? தேனிப் பக்கத்து அக்காக்கள் ஒரு பாஷையில் திட்டுவார்கள், பீகார் தம்பிகள் ஒரு பாஷையில் திட்டுவார்கள். இரண்டும் மொத்தமாகப் போனில் என் காதுக்கு வந்து சேரும்.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் முதலாளியே ஆபீசுக்கு வந்துவிட்டார். காபி வேண்டாம் என்றார். கொங்கு நாட்டில் ஒருவர் காபி வேண்டாம் என்றால் கோபம் தலைக்கேறிவிட்டது என்று அர்த்தம்.

"தீபாவளி நோம்பி முடிஞ்சு கம்பெனி தொறக்கறப்ப இது ஒழுங்கா ஓடோணுங்க. இல்லீன்னா கழட்டிப்போட்டுட்டு பழையபடி கையில எழுதிக்கறோம். எங்களுக்கு என்னுங்க, பேனா இருக்குது" என்றார்.

அவர் போன பிறகு பாஸ் அண்ணாச்சியின் மேஜைக்கு அவரே வந்து நின்றார். "அண்ணாச்சி, அந்த கம்பெனி போச்சுன்னா என்னால ஆபீச நடத்த முடியாதுங்க. புரோகிராம் நீங்க எழுதுனது. இது சரியாகலீன்னா நோம்பிக்கு அப்பறம் நீங்க வேற இடம் பாத்துக்கற மாதிரி ஆயிருமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். அவருக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த வயதில் புதிதாக யார் வேலை கொடுப்பார்கள்? வேலைகூடப் போகட்டும். இந்த மாடியை விட்டால் அந்த மனிதருக்கு முகம் பார்த்துப் பேச எங்கே ஆள் இருந்தது? விரட்டுவதற்காவது நாங்கள் இருந்தோம்.

ஆனால் அவர் கலங்கவில்லை. "தீபாவளி வருதுல்லா" என்றார். எங்களுக்குப் புரியவில்லை.

தீபாவளிக்குத் திருப்பூரைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். போனஸ் கைக்கு வந்த மறுநிமிடம் ஊர் காலியாகிவிடும். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போகிற பஸ்களில் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு சீட் பிடிப்பார்கள். வடக்கே போகிற ரயிலில் நிற்க இடம் இருக்காது. அதன் பிறகு ரோட்டின் நடுவில் பாய் விரித்துப் படுக்கலாம். எல்லோரும் ஊருக்குப் போகிற அந்த நாட்களுக்காகத்தான் அண்ணாச்சி வருஷம் முழுக்கக் காத்திருப்பார். சுத்தமாக அளப்பதற்கு அதைவிட நல்ல நாள் ஏது?

முதலாளியிடம் கேட்டு, பூட்டிக் கிடந்த கம்பெனிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். வாட்ச்மேன் ஒருவர்தான் துணை. அவரும் வெளியே கேட்டில். தீபாவளிக்கு மறுநாள் நான் வீட்டுப் பலகாரம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். எத்தனை முறை போன கம்பெனி அது! உள்ளே போனால் காது அடைத்துவிடும். அன்றைக்கு மெஷின்களை எல்லாம் துணி போட்டு மூடியிருந்தார்கள். என் செருப்புச் சத்தம் எனக்கே பயமாக இருந்தது. அந்தப் பெரிய ஹாலின் கடைசியில், ஒரே ஒரு டியூப் லைட்டுக்குக் கீழே அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். காலரில் விலைச் சீட்டு அப்படியே தொங்கியது. பிய்த்துவிடச் சொல்ல வீட்டில் ஆள் வேண்டுமே.

"வாங்கம்மா வாங்க! வந்து பாருங்க. எல்லாத்தையும் நிறுத்திட்டேன். முதலாளி ரூம்ல ஒரு பெரிய டிவி இருக்கும்லா, மொத்தம் எத்தன பீஸ் ஆச்சுன்னு ஓடிக்கிட்டே இருக்குமே, அதையும் லாகவுட் பண்ணி விட்டாச்சு. இப்பம் இந்த கம்ப்யூட்டர்ல நம்ம புரோகிராம் மட்டுந்தான். ராசா மாதிரி ஓடுது."

தானே ஒரு கட்டை எடுத்து ஸ்கேன் செய்து காட்டினார். கண் இமைக்கிறதற்குள் பச்சை விளக்கு எரிந்தது. நான் கை தட்டினேன். கை தட்டிய சத்தம் போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

"ஒரு இடத்துல கொஞ்சம் இழுத்துச்சு, அதையும் சரி பண்ணியாச்சு. இனிமே இதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்றார்.

"நோம்பி நாளும் அதுவுமா இப்படித் தனியா உக்காந்திருக்கறீங்களே, கஷ்டமா இல்லீங்களா?"

"தனியா இருந்தாத்தாம்மா எல்லாம் கரெக்டாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அதிரசத்தைக் கடித்தார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் நான் கிளம்பியபோது பஸ் வருகிற வரைக்கும் கூடவே வந்து ரோட்டில் நின்றார். அன்றைக்கு பஸ் வர ரொம்ப நேரம் ஆனது. அவர் அதைப் பற்றிக் குறையே சொல்லவில்லை.

லீவு முடிந்து கம்பெனி திறந்தது. முதலில் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். ஸ்கேன் ஜம்மென்று ஓடியது. முதலாளி எங்கள் பாஸுக்குப் போன் செய்து, "பரவால்லீங்க, உங்க ஆளு வேலக்காரருதான்" என்றார். பாஸ் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். அண்ணாச்சி தன் பப்ஸை வழக்கம்போல சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

அதற்கடுத்த வாரம் ஊருக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பி, எல்லா லைனும் நிரம்பியது. அன்று காலையிலேயே ஸ்கிரீன்கள் எல்லாம் பழையபடி உறைந்து நின்றுவிட்டன. சொல்லப்போனால் முன்னைவிட மோசம். முதலாளி போனில் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "வந்து கழட்டிட்டுப் போயிருங்க."

பாஸ், அண்ணாச்சி, நான் மூன்று பேரும் ஓடினோம். "என் அளவுல தப்பில்லம்மா. நீங்களே பாத்தியளே" என்று அண்ணாச்சி வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆமாங்க, ஆமாங்க என்று மட்டும் சொன்னேன்.

உள்ளே வரிசை அனுமார் வாலாக நீண்டிருந்தது. ஆட்கள் இருக்கும்போது அண்ணாச்சி அந்த ஹாலுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. எப்போதும் அவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தானே வருவார்! கட்டைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒரு தேனிக்கார அக்கா அவரைப் பார்த்துவிட்டார்.

"நீங்கதான் இதச் செஞ்ச ஆளா? எம்புட்டு நேரமாய்யா நிக்கிறது? பச்சப்புள்ளயப் பக்கத்து வீட்ல விட்டுட்டு ஓடியாந்து இங்க வந்து சும்மா நிக்கவா?"

அண்ணாச்சி அந்த அக்கா கையிலிருந்த கட்டை வாங்கித் தானே சுமந்துகொண்டு அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றார். பாஸ் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

முதலாளி ரூமில் அந்தப் பெரிய டிவி பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. அதில் மொத்த பீஸ் கணக்கு அசையாமல் நின்றது. முதலாளி எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். அவ்வளவு மரியாதையாக அவ்வளவு கேவலமாக யாரும் என்னைத் திட்டியதில்லை. ஒவ்வொரு வசவுக்கும் பின்னால் ஒரு "ங்க" இருந்தது. டிவியின் மூலையில் ஒரு சின்னப் புள்ளி மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. அண்ணாச்சியின் கண் அங்கேயே போய் ஒட்டிக்கொண்டது. ஐயோ வேண்டாம் அண்ணாச்சி, இப்போது வேண்டாம் என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

"சார், கொஞ்சம் தொந்தரவா இருக்கு. இத லாகவுட் பண்ணிக்கிடவா?" என்றார்.

முதலாளி திட்டுவதை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி இருந்தார். பாஸ் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணாச்சி பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து போய் டிவியை லாகவுட் செய்தார்.

செய்த அடுத்த நொடி ஹாலில் பீப், பீப், பீப் என்று ஸ்கேனர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கத்த ஆரம்பித்தன. யாரோ விசில் அடித்தார்கள். "சல் கயா, சல் கயா!" என்று பீகார் தம்பிகள் இந்தியில் கூச்சல் போட்டார்கள். ஓட ஆரம்பித்துவிட்டதாம். நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வரிசை கடகடவென்று கரைந்துகொண்டிருந்தது.

அண்ணாச்சி டிவியை மறுபடி போட்டார். பீப் சத்தம் நின்றது. "ஏய்!" என்று ஹாலே கத்தியது. அணைத்தார். பீப், பீப். போட்டார். "ஏய்!" இன்னொரு முறை போட்டிருந்தால் டெய்லர்கள் உள்ளே வந்து அடித்திருப்பார்கள். முதலாளியே எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். மொத்தக் கணக்கு என்பது ஒரே பெட்டி. அதை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும். ஒவ்வொரு ஸ்கேனும் அந்தப் பெட்டியைத் திறந்து தன் கட்டைச் சேர்க்க வேண்டும். டிவியோ, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளை மாதிரி அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஆள் குறைவாக இருந்தால் இது தெரியாது. எல்லா லைனிலும் ஒரே சமயத்தில் கட்டு வந்தால் எல்லோரும் டிவிக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். தீபாவளியன்று அளப்பதற்குத் தொந்தரவு என்று அண்ணாச்சி முதல் வேலையாக வெளியே அனுப்பியது இதைத்தான். திருடனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறார்.

"டிவி மாட்டச் சொன்னது நாந்தானுங்களே" என்றார் முதலாளி. கோபம் இறங்கி வெட்கம் வந்துவிட்டது. "ஒவ்வொரு பீஸும் ஏறறது உடனுக்குடனே தெரியோணும்னு நாந்தானுங்க உங்கள நச்சரிச்சேன். சித்த நேரத்துக்கு ஒருக்கா மாறுனா போதுமுங்க. காபி சாப்பிடறீங்களா?"

எனக்கு உயிர் வந்தது. பாஸ் கிளம்பலாம் என்று எழுந்தார். அண்ணாச்சி எழவில்லை. "இன்னும் அளக்கலையே" என்றார்.

"அதுதான் கண்டுபுடிச்சாச்சல்லங்க?"

"பாத்திருக்கோம். அளக்கல. ஆளெல்லாம் இருக்கும்போது அளக்கணும்" என்று சொல்லிவிட்டு, சூப்பர்வைசர் கத்துகிற மைக்கை எடுத்தார். அவர் குரல் ஹால் முழுக்கக் கேட்டது: "யாரும் எந்திரிக்காதிய! யாரும் வெளிய போவாதிய! எல்லாரும் அப்படியே இருங்க, உங்க வேலையப் பாருங்க."

நானும் பாஸும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து நாங்கள் கேட்டதில்லை. போன் செய்து சொன்னபோது சரசக்கா நம்பவே இல்லை. "நீ வேற அம்மிணி, அது வேற ஆளா இருக்கும்" என்றார்.

அன்று முழுக்க மெஷின் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து அளந்தார். இந்தத் தடவை வேலை செய்த நேரத்தைத் தனியாகவும், இன்னொருவருக்காகக் காத்து நின்ற நேரத்தைத் தனியாகவும் பிரித்து அளந்தார். மத்தியானம் என்னைக் கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டினார். வேலை செய்த நேரம் நூல் மாதிரி மெல்லிசாக இருந்தது. மற்றதெல்லாம் காத்திருப்பு.

"இத்தன வருசமா இத நான் கழிச்சிக்கிட்டே வந்திருக்கேம்மா. சும்மா நிக்கிறதுதான, அது என்ன கணக்குன்னு விட்டுட்டேன். ஒரு தடவகூட இதச் சேத்துப் பாக்கல" என்றார். புரோகிராமைப் பற்றி மட்டும் பேசியதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரம் பார்த்துத் தேனிக்கார அக்கா வந்து, "சாப்பிடாம என்னய்யா பொட்டியவே பாத்துக்கிட்டு?" என்று ஒரு தட்டில் எலுமிச்சைச் சாதத்தைக் கொட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணாச்சி தட்டை எடுத்துக்கொண்டு, டெய்லர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய், இடம் விடச் சொல்லி உட்கார்ந்தார்.

வேலை போகவில்லை. கம்பெனியும் கைவிட்டுப் போகவில்லை. பாஸ் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அண்ணாச்சி காதில் போட்டுக்கொள்ளவில்லை. தான் காப்பாற்றிய அந்த ஆபீசில் எங்கள் நாலு பேரோடு நிம்மதியாக இருந்திருக்க வேண்டியவர். நடந்தது வேறு. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பழக்கம் உலகம் முழுக்க வந்தபோது எங்கள் பாஸும் எல்லோருக்கும் ஒரு லேப்டாப் கொடுத்து அனுப்பிவிட்டார். கரண்டு மிச்சம், டீச் செலவு மிச்சம். ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று அண்ணாச்சியை மட்டும் அந்த மாடியில் விட்டார்.

நான் வெள்ளகோவிலில் என் ரூமில் உட்கார்ந்து திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். அம்மா காலையில் தோட்டத்துக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். பேச்சுத் துணைக்கு ஒரு காக்கா. தினமும் பத்து மணி வாக்கில் அண்ணாச்சியிடமிருந்து போன் வரும். "என்னம்மா, நெட்டு நல்லா வருதா?" என்பார். வருதுங்க என்பேன். "மழை உண்டா அங்க?" இல்லீங்க என்பேன். அப்புறம் பேச ஒன்றும் இருக்காது. ஆனாலும் வைக்க மாட்டார். சரசக்காவுக்கும் இப்படித்தான் போன் வருகிறதாம்.

போன மாதம் ஒருநாள் அந்தப் போன் வந்து, அவர் மழையைப் பற்றிக் கேட்டு, இல்லீங்க என்று சொல்லி முடித்த பிறகு எனக்குத் தாங்கவில்லை. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். மாடிக்குப் போனால் அண்ணாச்சி வரிசையாகக் கிடந்த காலி நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"என்னம்மா, என்ன ஆச்சு? கரண்டு கட்டா?"

"இல்லீங்க அண்ணாச்சி."

"பின்ன?"

"உங்களப் பாக்கோணும்னு இருந்துச்சுங்க. அதான் வந்துட்டேன்."

அவர் என் பழைய நாற்காலியை இழுத்துப் போட்டு, மேலே இருந்த தூசியைத் தன் கர்ச்சீப்பால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தார். சாயங்காலம் கதவைப் பூட்டும்போதுதான், சாவியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நாளைக்கும் வருவியளாம்மா?"

அன்றிலிருந்து தினமும் போய்க்கொண்டிருக்கிறேன். இதைக்கூட அங்கே உட்கார்ந்துதான் எழுதினேன். சரசக்காவும் திங்கட்கிழமையிலிருந்து வருகிறாராம்.